குறுக்கெழுத்துப் புதிருக்குப் பேனாவா, பென்சிலா?

மாணவ நண்பர்களே, குறுக்கெழுத்துப் புதிரைப் பேனாவால் நிரப்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள், பார்க்கலாம்! தயங்காதீர்கள். நானும் ஒரு காலத்தில் உங்கள் கட்சிதான். பென்சிலால் எழுதுவது கோழைத்தனம் என்று நினைத்தவன். பிறகு ஏன் கட்சி மாறினேன் என்பதைத்தான் இக்கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. கீழே ஒரு சிறு பொது அறிவுப் புதிர் இருக்கிறது. எட்டு வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் எட்டுக் கட்டங்கள். கறுப்புக் கட்டங்களை விட்டுவிடுங்கள். எண் உள்ள கட்டத்தில் ஒரு சொல் தொடங்குகிறது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஒரு தாளில் இதைப் பெரிதாக வரைந்துகொண்டு பத்து நிமிடம் முயன்று பாருங்கள்.

■ ■ 1 ■ ■ ■ ■ ■
2 □ □ □ ■ ■ 3 ■
□ ■ □ ■ ■ 4 □ □
5 6 ■ ■ ■ ■ □ ■
■ □ ■ 7 ■ ■ □ ■
■ 8 □ □ □ □ □ ■
■ □ ■ □ ■ ■ ■ ■
■ □ ■ □ ■ ■ ■ ■

இடமிருந்து வலம்:
2. சூரியனைச் சுற்றும் கோள். வாரத்தில் இதன் பெயரில் ஒரு நாளும் உண்டு (4)
4. சூரியனுக்கு மிக அருகில் உள்ள கோள் (3)
5. இந்தியாவின் தேசிய விலங்கு (2)
8. கடலில் வாழும் பாலூட்டி. மீன் என்று பலர் தவறாக எண்ணுவர் (6)

மேலிருந்து கீழ்:
1. பறக்கும் பாலூட்டி (3)
2. மின்கம்பி செய்யப் பெரிதும் பயன்படும் செந்நிற உலோகம் (3)
3. சாதாரண வெப்பநிலையில் திரவமாக இருக்கும் உலோகம் (5)
6. உலோகங்களிலேயே மிக லேசானது (5)
7. மஞ்சள் நிற உலோகம் (4)

அடைப்புக்குறிக்குள் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை. என்ன, முடித்துவிட்டீர்களா? முடிக்காவிட்டாலும் பரவாயில்லை. இனிப் படியுங்கள்.

நான் தோற்ற கதை

நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது ஒரு மாத இதழில் இதைப் போன்ற புதிர் ஒன்று வந்தது. எல்லா விடைகளும் சரியாக இருந்தால் ஒரு புத்தகம் பரிசு. நான் பேனாவைத் திறந்தேன். முதல் குறிப்பு ஏறக்குறைய மேலே உள்ள 2 இடமிருந்து வலம்தான். கோளாகவும் இருக்க வேண்டும், கிழமையாகவும் இருக்க வேண்டும், நான்கு எழுத்து. "வியாழன்!" என்று மனத்துக்குள் கூவிக்கொண்டே மையால் அழுத்தி எழுதினேன். வி, யா, ழ, ன். நான்கு கட்டங்களும் நிரம்பிவிட்டன. கணக்குச் சரி.

அடுத்தது பறக்கும் பாலூட்டி, மூன்று எழுத்து. நடுவில் 'ழ' வந்து உட்கார்ந்திருந்தது. நடுவில் ழகரம் உள்ள, பறக்கக்கூடிய, மூன்றெழுத்து உயிர் எது? வெகுநேரம் யோசித்தேன். பளிச்சென்று தோன்றியது 'குழவி'. அதுதான் பறக்குமே, கொட்டுமே! மகிழ்ச்சியோடு அதையும் மையால் எழுதினேன். செந்நிற உலோகம் 'வி' என்று தொடங்க வேண்டியிருந்தது. நாம் கேள்விப்படாத உலோகமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அதை மட்டும் காலியாக விட்டேன்.

அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "ஏன்டா, குளவி எப்போதிலிருந்து குட்டிக்குப் பால் கொடுக்கிறது?"

என் முகம் போன போக்கைக் கேட்காதீர்கள். கொட்டுகிற பூச்சிக்கு 'குளவி' என்று ளகரம் போட வேண்டும். 'குழவி' என்றால் கைக்குழந்தை, அல்லது ஆட்டுக்கல்லில் சுற்றும் கல். குழந்தையும் பறக்காது, கல்லும் பறக்காது. இரண்டாவது, குளவி பூச்சியினம். பாலூட்டியே அல்ல.

நான் செய்ததைக் கவனியுங்கள். முதல் விடை தவறு. அந்தத் தவற்றைக் காப்பாற்றுவதற்காக ஒரு சொல்லின் எழுத்தை மாற்றினேன். குறிப்பில் இருந்த 'பாலூட்டி' என்ற சொல்லைப் பார்க்காதது போல இருந்தேன். இல்லாத ஓர் உலோகத்தையும் படைத்தேன்! ஒரு விடையை அழிக்க மனமில்லாமல் உலகத்தையே மாற்றி அமைத்துவிட்டேன். பேனாவால் எழுதியதை அழிக்க முடியவில்லை என்பது சாக்குத்தான். அழிக்க எனக்கு விருப்பம் இல்லை என்பதே உண்மை.

எங்கிருந்து தொடங்குவது?

சரி, இப்போது முறையாகச் செய்து பார்ப்போம்.

முதல் விதி: எழுதுமுன் எல்லாக் குறிப்புகளையும் ஒருமுறை படியுங்கள். முதல் குறிப்பிலேயே தொடங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒரே விடைதான் இருக்க முடியும் என்று தோன்றும் குறிப்பே நல்ல தொடக்கம்.

2 இடமிருந்து வலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிழமைப் பெயர் கொண்ட கோள்கள் ஐந்து: செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. எழுத்துகளை எண்ணுங்கள். சனி இரண்டு. புதனும் வெள்ளியும் மூன்று மூன்று. செவ்வாயும் வியாழனும் நான்கு நான்கு. ஆகவே இக்குறிப்புக்கு இரண்டு விடைகள் பொருந்தும். இந்த நிலையில் எழுதுவது பூவா தலையா போடுவதற்குச் சமம். இதை ஒத்தி வைப்போம்.

2 மேலிருந்து கீழைப் பாருங்கள். செந்நிற உலோகம் என்றால் செம்பு, அல்லது தாமிரம். இரண்டும் ஒரே பொருள்தான். ஆனால் தாமிரத்துக்கு நான்கு எழுத்து. இங்கே இருப்பவை மூன்று கட்டங்கள். ஆகவே செம்பு. அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணும் ஒரு குறிப்புத்தான் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

செம்பின் முதல் எழுத்து 'செ'. அதே கட்டத்தில்தான் நம் கோளும் தொடங்குகிறது. இரண்டு விடைகளில் செவ்வாய் தங்கியது, வியாழன் விலகியது.

இன்னொரு சாட்சியையும் கேட்போம். பறக்கும் பாலூட்டி, மூன்று எழுத்து. அணில் என்று சொல்லலாமா? பறக்கும் அணில் என்று ஒன்று காடுகளில் இருக்கிறது. ஆனால் அது உண்மையில் பறப்பதில்லை. கால்களுக்கு இடையில் உள்ள தோலை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கி மிதக்கிறது, அவ்வளவுதான். சிறகடித்துப் பறக்கும் பாலூட்டி வௌவால் மட்டுமே. அதன் நடு எழுத்து 'வா'. செவ்வாயின் மூன்றாம் எழுத்தும் 'வா'. பொருந்திவிட்டது!

இங்கே ஓர் எச்சரிக்கை. 'வௌ' அச்சில் மூன்று உருவங்களாகத் தெரிந்தாலும் ஓர் எழுத்துத்தான், ஒரே கட்டத்தில்தான் அடங்க வேண்டும். சிலர் 'வவ்வால்' என்று எழுதுவார்கள். அதற்கு நான்கு கட்டங்கள் தேவை.

செவ்வாய்க்கு இப்போது இரண்டு சாட்சிகள். செம்பு ஒரு பக்கம், வௌவால் மறு பக்கம். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசி வைத்துக்கொண்டு வந்தவர்கள் அல்லர். ஒருவர் வேதியியலில் இருந்து வந்தவர், மற்றவர் விலங்கியலில் இருந்து வந்தவர். அப்படிப்பட்ட இருவர் ஒரே செய்தியைச் சொன்னால் அதை நம்பலாம். குறுக்கெழுத்துப் புதிரின் உயிர் இதில்தான் இருக்கிறது. குறிப்பு நமக்கு ஓர் ஊகத்தைத் தருகிறது. குறுக்கே வரும் எழுத்து அந்த ஊகத்தைச் சோதிக்கிறது. விஞ்ஞானம் நடப்பதும் இப்படித்தான்.

இலக்கணமும் துப்புக் கொடுக்கும்

செம்பின் கடைசி எழுத்தான 'பு'வில் தொடங்குகிறது 5. தேசிய விலங்கு, இரண்டு எழுத்து: புலி. மிகப் பழைய பொது அறிவு நூல் ஒன்றை நம்பியிருந்தால் சிங்கம் என்று எழுதியிருப்பீர்கள். 1970களின் தொடக்கம் வரை இந்தியாவின் தேசிய விலங்கு சிங்கமாகத்தான் இருந்தது. 1973-ஆம் ஆண்டில் புலிகளைக் காக்கும் தேசியத் திட்டமும் தொடங்கியது. பொது அறிவுக்கும் தேதி உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

புலியின் 'லி'யில் இருந்து கீழே இறங்குகிறது 6. மிக லேசான உலோகம், ஐந்து எழுத்து, முதல் எழுத்து லி. வேதியியல் தெரியாத ஒருவர்கூட இங்கே ஒரு துப்பைப் பிடிக்கலாம். நன்னூல் விதிப்படி லகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. ஆகவே இது வேறு மொழியில் இருந்து வந்த சொல்லாகத்தான் இருக்க வேண்டும். அதன்படி தேடினால் கிடைப்பது லித்தியம். இலக்கணத்துக்கு ஏற்ப 'இலித்தியம்' என்று எழுதினால் ஆறு கட்டங்கள் வேண்டும், முதல் எழுத்தும் பொருந்தாது. லித்தியத்தின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் ஏறக்குறைய பாதிதான். எனவே அது நீரில் மிதக்கும், மண்ணெண்ணெயில்கூட மிதக்கும்!

லித்தியத்தின் நடு எழுத்தான 'தி'யில் தொடங்குகிறது 8. கடலில் வாழும் பாலூட்டி, ஆறு எழுத்து: திமிங்கலம். நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. மீனுக்கும் அதற்கும் உறவு வடிவத்தில் மட்டுமே.

இனி 7, மஞ்சள் நிற உலோகம், நான்கு எழுத்து. தங்கமும் நான்கு, பித்தளையும் நான்கு. இரண்டும் மஞ்சள்தான். இரண்டாம் எழுத்து திமிங்கலத்தின் 'ங்'கோடு ஒத்துப்போக வேண்டும். பித்தளையின் இரண்டாம் எழுத்து 'த்'. ஆகவே தங்கம். பித்தளை தனி உலோகம் அல்ல, செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலப்பு உலோகம் என்பதையும் நினைத்துப் பார்த்தால் விடை இன்னும் உறுதியாகிறது.

எந்த எழுத்து அதிகம் பேசும்?

ஒரு கேள்வி. 'ங்' தெரிந்ததும் தங்கம் வந்துவிட்டது. ஆனால் ஒரு சொல்லின் கடைசி எழுத்து 'ம்' என்று மட்டும் தெரிந்தால் அது எவ்வளவு உதவும்? மிகக் குறைவுதான். மரம், படம், நகரம், இதயம், காந்தம் என்று மகர மெய்யில் முடியும் சொற்கள் தமிழில் கணக்கில் அடங்காதவை. அடிக்கடி வரும் எழுத்து குறைவாகப் பேசும். அரிதாக வரும் எழுத்து நிறையப் பேசும்.

இதையே கணக்காக வடித்தவர் அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன். செய்தி என்பதை எப்படி அளப்பது என்று 1948-ஆம் ஆண்டில் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் குறுக்கெழுத்துப் புதிருக்கும் ஓர் இடம் உண்டு! ஒரு மொழியில் எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்தும் வரலாம் என்று வைத்துக்கொள்வோம. அப்போது எழுத்துகளைக் கண்டபடி கட்டங்களில் கொட்டினாலும் எல்லாம் சொல்லாகிவிடும். புதிர் அமைப்பது எளிது. ஆனால் தெரிந்த எழுத்தைக் கொண்டு தெரியாத எழுத்தை ஊகிக்க முடியாது. மாறாக, மொழியில் கட்டுப்பாடுகள் அளவுக்கு மிஞ்சி இருந்தால் சொற்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்ல வழியே இருக்காது. நம் மொழிகள் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால்தான் குறுக்கெழுத்துப் புதிர் சாத்தியமாகிறது. 'லி' முதலில் வராது என்ற நன்னூல் விதி நமக்கு உதவியது நினைவிருக்கிறதல்லவா? அதுவும் அப்படிப்பட்ட கட்டுப்பாடுகளில் ஒன்றே.

ஆங்கிலப் புதிரில் ஒரு கட்டத்தில் வரக்கூடிய எழுத்துகள் 26. தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. எல்லா எழுத்துகளும் ஒரே அளவில் வழங்குவதில்லை என்றாலும், தமிழில் குறுக்கே கிடைக்கும் ஓர் எழுத்து பொதுவாக ஆங்கில எழுத்தைவிட அதிகம் சொல்லிவிடுகிறது.

சாட்சி இல்லாத கட்டம்

நம் புதிரில் ஓர் ஓட்டை இருக்கிறது. கண்டுபிடித்தீர்களா? திமிங்கலத்தைத் 'திமிங்கிலம்' என்று எழுதுவோரும் உண்டு. அதற்கும் ஆறு எழுத்துத்தான். வேறுபாடு நான்காம் எழுத்தில் மட்டும்: 'க'வா, 'கி'யா? அந்தக் கட்டத்தின் வழியாக மேலிருந்து கீழ் எந்தச் சொல்லும் போகவில்லை. இரண்டில் எதை எழுதினாலும் புதிர் மறுப்புச் சொல்லாது.

மறுப்பு வரவில்லை என்பதாலேயே ஒன்று சரியாகிவிடுமா? ஆகாது. அங்கே சோதனையே நடக்கவில்லை. இத்தகைய கட்டங்கள் வாழ்க்கையிலும் நிறைய உண்டு. "இவ்வளவு நாள் இப்படித்தான் நம்பினேன், ஒன்றும் ஆகவில்லையே!" என்று சொல்வோரைப் பார்த்திருப்பீர்கள். சோதித்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். புதிரில் இப்படி ஒரு கட்டம் வந்தால் அகராதியைத் திறப்பதே வழி.

பொழுதுபோக்கு போருக்கு உதவியது

இந்த விளையாட்டு அவ்வளவு பழையது அல்ல. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்து அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்த ஆர்தர் வின், 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் முதல் புதிரை வெளியிட்டார். அது வைர வடிவில் இருந்தது. 1924-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் குறுக்கெழுத்துப் புதிர்களின் முதல் புத்தகம் வந்தது. அதை வாங்கியவர்களுக்குப் புத்தகத்தோடு இணைத்து ஒரு பொருளையும் கொடுத்தார்கள். என்ன பொருள் தெரியுமா? பென்சில்!

1942-ஆம் ஆண்டு ஜனவரியில், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, லண்டன் 'டெய்லி டெலிகிராஃப்' நாளிதழ் தன் அலுவலகத்தில் ஒரு போட்டி நடத்தியது. 12 நிமிடங்களுக்குள் புதிரை முடிக்க வேண்டும். நேரத்துக்குள் முடித்தவர்களில் ஒருவர் எழுத்துப் பிழையால் தகுதி இழந்தார். (எனக்கு அவர்மேல் தனி அன்பு உண்டு. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்!) பிறகு போட்டியில் கலந்துகொண்ட சிலருக்கு அரசிடமிருந்து இரகசியக் கடிதம் வந்தது. எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் பிளட்ச்லி பார்க் என்ற இடத்துக்கு ஆள் தேவைப்பட்டது.

ஜெர்மானியர்கள் 'எனிக்மா' என்ற இயந்திரத்தால் செய்திகளை மறைத்து அனுப்பினார்கள். அதை உடைத்தவர்கள் செய்தியில் இருக்கக்கூடிய ஒரு சொல்லை முதலில் ஊகித்தார்கள். வானிலைச் செய்தியாக இருந்தால் 'வானிலை' என்ற ஜெர்மன் சொல் எங்காவது இருக்குமல்லவா? ஊகித்த சொல்லைச் சங்கேத எழுத்துகளுக்குக் கீழே வைத்து நகர்த்திப் பார்த்தார்கள். எனிக்மாவில் ஒரு குணம் இருந்தது. எந்த எழுத்தும் அதே எழுத்தாக மாறாது. ஆகவே மேலும் கீழும் ஒரே எழுத்து வந்தால் அந்த இடம் தவறு, தள்ளிவிடலாம். தவறான இடங்களை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு, எஞ்சியதை இயந்திரங்களின் உதவியோடு சோதித்தார்கள். ஊகத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்பவருக்கு அங்கே வேலை இல்லை. கடலில் சென்றுகொண்டிருந்த கப்பல்களும் அவற்றில் இருந்த மனிதர்களும் பிழைப்பது, தவறான ஊகத்தை எவ்வளவு விரைவில் கைவிடுகிறோம் என்பதைப் பொறுத்திருந்தது.

ஒரு பெரிய புதிரும் ஒரு தவறான எழுத்தும்

நம் புதிரில் 3 மீதி இருக்கிறது. திரவமாக இருக்கும் உலோகம் என்றதும் பாதரசம் என்று சொல்லியிருப்பீர்கள். சரிதான். ஆனால் அந்தக் குறிப்பு முழுவதும் சரியானதா? காலியம் என்று ஓர் உலோகம் உண்டு. ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸில் அது உருகிவிடும். உள்ளங்கையில் வைத்தாலே போதும். சென்னையின் மே மாத நண்பகலில் மேசைமேல் வைத்தால் தானாகவே திரவமாகிவிடும்! நல்ல வேளை, காலியம் நான்கெழுத்து, நம் கட்டங்கள் ஐந்து. பாதரசத்தின் 'ம்', திமிங்கலத்தின் 'ம்'மோடும் பொருந்துகிறது.

இந்தக் காலியத்துக்குப் பின்னால் ஓர் அருமையான கதை இருக்கிறது. ரஷ்ய விஞ்ஞானி மெண்டலீவ் 1869-ஆம் ஆண்டில் தனிமங்களை அட்டவணையாக அமைத்தார். அதை ஒரு மாபெரும் குறுக்கெழுத்துப் புதிர் என்றே சொல்லலாம். இடமிருந்து வலமாக அணு எடை ஏறுகிறது. மேலிருந்து கீழாகக் குணங்கள் ஒத்துப்போகின்றன. சில இடங்களில் பொருந்தும் தனிமம் எதுவும் அன்று தெரிந்திருக்கவில்லை. மெண்டலீவ் அங்கே எதையாவது திணிக்கவில்லை, கட்டத்தைக் காலியாக விட்டார். அலுமினியத்துக்குக் கீழே இருந்த காலிக் கட்டத்தில் வரப்போகும் தனிமத்தின் அடர்த்தி ஏறக்குறைய 5.9 ஆக இருக்கும் என்று சுற்றிலும் உள்ள தனிமங்களை வைத்து முன்கூட்டியே சொன்னார்.

1875-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி லெக்கோக் தெ புவாபோத்ரான் புதிய தனிமம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதுவே காலியம். அதன் அடர்த்தியை அளந்தார். கிடைத்தது 4.7. மெண்டலீவ் அவருக்குத் தெரிவித்தார்: அது 5.9 ஆக இருக்க வேண்டும், உங்கள் மாதிரி தூய்மையாக இல்லாமல் இருக்கலாம். சற்றே எண்ணிப் பாருங்கள். கையில் பொருளை வைத்திருப்பவர் பிரெஞ்சுக்காரர். அதைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் மெண்டலீவ். "எனக்குச் சொல்ல நீர் யார்?" என்று அவர் கேட்டிருக்கலாம். அவரோ காலியத்தை மேலும் தூய்மை செய்து மீண்டும் அளந்தார். கிடைத்தது 5.9! தம் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணை வெளியிட்டார்.

அப்படியானால் மெண்டலீவ் சொன்னதெல்லாம் சரியா? அதுவும் இல்லை. டெல்லூரியத்தின் அணு எடை அயோடினைவிட அதிகம் என்று அளவீடுகள் காட்டின. தம் வரிசைக்கு அது பொருந்தாததால், டெல்லூரியத்தை அளந்தவர்கள்தாம் தவறு செய்திருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். அளவீடு சரியாகவே இருந்தது. தனிமங்களை வரிசைப்படுத்த வேண்டியது அணு எடையால் அல்ல, அணு எண்ணால் என்பதை ஆங்கிலேய இளைஞர் மோஸ்லியின் ஆய்வு 1913-ஆம் ஆண்டில் காட்டத் தொடங்கியது. முதல் குறுக்கெழுத்துப் புதிர் வெளிவந்த அதே ஆண்டு! மெண்டலீவ் டெல்லூரியத்தை வைத்த இடம் சரி, சொன்ன காரணம்தான் தவறு.

ஆக, குறுக்கே வரும் எழுத்து பொருந்தாதபோது எந்தச் சொல் தவறு என்பது உடனே தெரிந்துவிடாது. நம்முடையதாகவும் இருக்கலாம், மற்றவருடையதாகவும் இருக்கலாம். இரண்டையும் மீண்டும் பார்க்க வேண்டும். எது நம்முடையது என்பதற்காக அதற்குச் சலுகை தரக் கூடாது. அதுதான் கடினம்.

இனி உங்கள் வேலை

நான் சொன்னவற்றைத் தொகுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் குறிப்புகளையும் படியுங்கள். உறுதியானதில் இருந்து தொடங்குங்கள். கட்டங்களை எண்ணுங்கள். குறிப்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் விடை பொருந்துகிறதா என்று பாருங்கள், 'பறக்கும்' மட்டும் போதாது, 'பாலூட்டி'யும் வேண்டும். குறைந்தது ஒரு குறுக்கெழுத்தாவது சாட்சி சொல்லும் வரை எதையும் உறுதி என்று எண்ணாதீர்கள். ஒன்றோடொன்று பொருந்தாதபோது, புதிய விடையைத் திருகாதீர்கள், பழையதையும் சந்தேகியுங்கள்.

4 இடமிருந்து வலத்தை உங்களுக்காக விட்டு வைத்திருக்கிறேன். அதன் நடு எழுத்து பாதரசத்தில் இருந்து கிடைக்கும். இன்னொரு துப்பு: அந்தக் கோளுக்கும் பாதரசத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்.

அடுத்து, நீங்களே பத்துச் சொற்கள் கொண்ட ஒரு புதிரை அமைத்து நண்பரிடம் கொடுங்கள். ஒரு குறிப்புக்கு நீங்கள் எதிர்பாராத வேறு விடை ஒன்று கிடைக்கிறதா என்று கவனியுங்கள். கிடைத்தால் கோபப்படாதீர்கள், குறிப்பைத் திருத்துங்கள்.

எனக்கு அன்று பரிசு கிடைக்கவில்லை. மை எழுத்துகளைப் பிளேடால் சுரண்டப் போய்த் தாளே கிழிந்துவிட்டது. அந்தத் தாளை அனுப்பவும் இல்லை. மறுநாள் அக்கா தன் பெட்டியில் இருந்து ஒரு பென்சிலை எடுத்துக் கொடுத்தாள். ஒரு முனையில் கரிமுனை, மறு முனையில் ரப்பர். "எழுதுவதற்கு ஒரு முனை, அழிப்பதற்கு ஒரு முனை. இரண்டும் ஒரே பென்சில்தான்" என்றாள்.

அன்று முதல் நான் பென்சில் கட்சி. நீங்கள்?